ஓடை பார்க்க வந்த கல்லூரிகள்

மதலேனம்மாளின் நிலத்தை ஓர் ஓடை தின்றுகொண்டிருந்தது. புதூருக்குக் கிழக்கே முள்ளூரணியில் அவளுக்கு இருந்தது நாலு குறுக்கம் கரிசல் நிலம். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் நிலத்தின் நடுவே ஒரு வண்டித்தடம் மட்டும்தான் கிடந்தது. ஐப்பசி மழைத் தண்ணீர் அந்தத் தடத்தில் ஓடி ஓடி அது வாய்க்காலாயிற்று. வாய்க்கால் பள்ளமாயிற்று. புருஷன் செத்த வருஷம் ஓர் ஆட்டுக்குட்டி அதில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. இப்போது ஆள் இறங்கி நின்றால் தலைத்துண்டு மட்டும்தான் வெளியே தெரியும். மழைக்கு மழை ஒரு பாத்திப் பருத்தி, ஒரு பாத்திக் கொத்தமல்லி என்று வாயில் போட்டுக்கொண்டுபோய் வைப்பாற்றில் துப்பிவிட்டு, மறு வருஷம் பசியோடு வரும். இந்தக் கணக்கில் போனால் மகளுக்கு அவள் விட்டுப்போவது ஓடையாகத்தான் இருக்கும். ஓடையானாலும் தீர்வை கட்டியாக வேண்டும் என்று கிராம முன்சீப் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

அப்படிப்பட்ட ஒரு வைகாசியில், ஐந்தாண்டுத் திட்டங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்த காலத்தில், ஊருக்குள் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று வந்தது. "மண்ணே நம் செல்வம்! மழையே நம் மூலதனம்! இயற்கை வளப் பாதுகாப்பில் மூன்றாண்டுப் பட்டம்! பி.யு.சி. தேறியோர் விரைவீர்!" என்று கத்திவிட்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. மறுநாள் அதே புழுதியில் இன்னொரு ஜீப் வந்து இன்னொரு கல்லூரியின் பெயரைச் சொல்லி அதையே கத்தியது.

மதலேனம்மாளின் மகள் ஸ்டெல்லாமேரி தூத்துக்குடியில் தங்கிப் பி.யு.சி. தேறியிருந்தாள். ஜீப் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எம்மா, இதப் படிச்சா ஓடைய அடைக்கச் சொல்லிக் குடுப்பாவ. நான் படிச்சிட்டு வந்து அடைக்கேன்."

"நெசமாவாட்டி சொல்லுதே?"

"மண்ணக் காப்பாத்துத படிப்பும்மா. பேரே அதுதான்."

மதலேனம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஓடைக்குப் பயந்து பயந்து செத்துக்கொண்டிருந்த மனுஷிக்கு, ஓடையை அடைப்பதற்கென்றே சர்க்கார் ஒரு படிப்பு வைத்திருக்கிறது என்பது லேசான செய்தியா?

கல்லூரிகள் இரண்டு. இரண்டில் எதைப் பிடிப்பது? முள்ளூரணியில் காலேஜ் வாசலை மிதித்த ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை. ஆனால் ஒன்றை நேரில் போய்ப் பார்த்து, நல்லதா சொத்தையா என்று சொல்லத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். அடுத்த வீட்டுப் பூவனலிங்கம் கழுகுமலை மாட்டுத்தாவணிச் சந்தையில் பேர்பெற்ற தரகர். மாட்டின் சுழியைப் பார்த்தே அது விற்றவன் வீட்டுச் சண்டையைச் சொல்லிவிடுவார். மதலேனம்மாள் அவரைப் போய்க் கேட்டாள்.

"வாரேன் தங்கச்சி," என்றார் பூவனலிங்கம். "மாடென்ன, காலேஜ் என்ன? கொம்புல எண்ணெய் தடவியிருக்கான்னு பாத்து ஏமாறப்படாது. நடக்கவிட்டுப் பாக்கணும்."

முதல் கல்லூரி கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் சாலையில் இருந்தது. முதல்வர் சுந்தரபாண்டியன் வாசலுக்கே வந்து வரவேற்றார். மேடையில் பேசிப் பேசி அவருக்குச் சாதாரணமாகப் பேசவே வராது. 'வாருங்கள்' என்பதற்கே ஒரு முன்னுரை வைப்பார். அவர் மூவரையும் நேராக ஒரு குழிக்குக் கூட்டிப்போனார்.

சிமெண்டுப் பூச்சும் சுற்றிலும் கம்பி வேலியுமாக அழகான குழி. மழை விழாமல் மேலே தகரக் கூரை. கூரைக்குக் கீழே ஒரு காவல்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். குழியைச் சுற்றி, அடுத்தடுத்த வருஷங்களில் மரம் நட்ட பெரிய மனிதர்களின் பெயர்கள் பொறித்த பளிங்குக் கற்கள் தோளோடு தோள் உரசி நின்றன.

"இதுதான் எங்கள் வனவியல் துறை," என்றார் முதல்வர். "ஆண்டுதோறும் வன மகோற்சவத்துக்கு ஒரு பெருமகனார் வந்து இந்தக் குழியில் கன்று நடுவார். இந்த வட்டாரத்திலேயே மிக அதிகமான மரங்கள் நடப்பட்ட இடம் இது."

மதலேனம்மாள் எட்டிப் பார்த்தாள். குழிக்குள் ஒன்றுமில்லை.

"மரம் எங்கய்யா?"

முதல்வர் அவளைப் பரிவோடு பார்த்தார். "அம்மையே, மரம் வளர்ந்துவிட்டால் அடுத்த ஆண்டு வருகிறவர் எங்கே நடுவார்? மரம் இன்று இருக்கும், நாளை போகும். குழிதான் நிலையானது. அதைத்தான் பாதுகாக்கிறோம்."

"நெழலு வேண்டாமாய்யா?"

"பளிங்குக் கற்கள் நல்ல நிழல் தருகின்றன," என்றார் முதல்வர்.

பூவனலிங்கம் கல்லூரியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மதலேனம்மாளின் காதோரம், "மேல்தோலு மினுமினுங்குது. வயித்துல ஒண்ணுமில்ல," என்றார்.

இரண்டாவது கல்லூரி மணியாச்சி ஜங்ஷனுக்குப் பக்கத்துப் பொட்டலில் இருந்தது. அவர்கள் ரயிலைவிட்டு இறங்கி நடக்கும்போது கோடை மழை ஒன்று சடசடவென்று பிடித்துக்கொண்டது. கரிசல் காலில் அப்பி, ஆளுக்கு ஒரு செருப்புக்கு ஒன்பது செருப்பாகி, மூன்று பேரும் தெப்பலாக நனைந்து முதல்வர் எபநேசரின் அறைக்குள் போய் நின்றார்கள்.

எபநேசர் ஒல்லியான மனிதர். எதையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால்தான் அவருக்கு மூச்சு வரும். அவருடைய கல்லூரியின் பெருமை, சீமையிலிருந்து வந்த மழைமானி. அதை அலமாரியைத் திறந்து காட்டினார். தங்கம் போல மின்னியது.

"உள்ளயா வச்சிருக்கீங்க?" என்றாள் ஸ்டெல்லாமேரி.

"வெளியே வைத்தால் மழையில் நனைந்து துருப்பிடித்துவிடாதா? இது வந்த நாள்முதல் ஒரு துளி படவிட்டதில்லை." அவர் மழைமானிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சோகமாகத் தலையை ஆட்டினார். "இன்றைக்கும் மழை இல்லை. இந்த வட்டாரத்தில் ஏழாண்டுகளாக மழையே பெய்யவில்லை என்று எங்கள் கல்லூரிதான் முதன்முதலில் உலகுக்கு அறிவித்தது."

மதலேனம்மாள் முந்தானையைப் பிழிந்தாள். அறை முழுக்கத் தண்ணீர் ஓடிற்று. "சாமி, நாங்க நனைஞ்சு வந்திருக்கமே!"

"அது உங்கள் தனிப்பட்ட விஷயம்," என்றார் எபநேசர். "விஞ்ஞானம் அதில் தலையிட முடியாது."

திரும்பும் ரயிலில், கடம்பூர் தாண்டியதும் பூவனலிங்கம் தீர்ப்புச் சொன்னார். "ரெண்டும் சொத்தை தங்கச்சி. ரெண்டையும் உழவுல பூட்ட முடியாது."

"அப்போ படிப்பு?"

"அவிய சொல்லிக் குடுக்காட்டா என்னம்மா, புஸ்தகம் இருக்குல்லா?" என்றாள் ஸ்டெல்லாமேரி. "சீட்டு மட்டும் கெடைக்கட்டும். நான் படிச்சுக்கிடுதேன்." அந்தப் பெண்ணின் குரலில் இருந்த ஆசையைக் கேட்டபிறகு எந்தத் தாய்தான் வேண்டாம் என்பாள்? பஸ்ஸுக்குத் தோதாக இருக்கிறதென்று முதல் கல்லூரிக்கே நேர்முகத் தேர்வுக்குப் போனார்கள்.

சுந்தரபாண்டியன் முதலில் ஒரு சிக்கலைச் சொன்னார். 'மாணவர்' என்றுதான் விதியில் இருக்கிறது. அதில் பெண்ணும் அடக்கமா என்று சென்னைக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. "ஆகவே பதில் வரும்வரை இவரைப் பெண் அல்ல என்றே கருதுவோம்," என்று பெருந்தன்மையோடு முடித்துவிட்டு, கேள்விக்கு வந்தார். "மண் அரிப்பு என்றால் என்ன?"

"எங்க நெலத்துல ஓடை இருக்குய்யா. அதுதான்," என்றாள் ஸ்டெல்லாமேரி.

முதல்வர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஓடையா? சொந்த ஓடையா?"

"ஆமாய்யா."

"ஆழம்?"

"ஆளு நின்னா தலைத்துண்டு தெரியும்."

சுந்தரபாண்டியனுக்குக் கண் கலங்கியது. விஷயம் இதுதான். ஒவ்வொரு கல்லூரியும் செயல்முறைப் பயிற்சிக்கு ஓர் ஓடை வைத்திருக்க வேண்டும் என்று சென்னை ஆய்வுக் குழு உத்தரவு போட்டிருந்தது. ஓடை இல்லையென்றால் அங்கீகாரம் இல்லை. கல்லூரி நிலமோ, திறப்பு விழாவுக்காக மேசை மாதிரி மட்டம் தட்டப்பட்டிருந்தது. போன வருஷம் கூலியாட்களை விட்டு ஓர் ஓடையை வெட்டிப் பார்த்தார்கள். குழுவில் ஒருவர் அதில் மண்வெட்டித் தழும்பைக் கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாளே முதல்வரின் ஜீப் முள்ளூரணிக்கு வந்தது. சுந்தரபாண்டியன் ஓடைக் கரையில் நின்று கைகூப்பினார். "என்ன ஆழம்! என்ன வளைவு! இதன் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பாடம் இருக்கிறதே! அம்மையே, உங்கள் மகளுக்கு இடம் உறுதி. ஒரே ஒரு நிபந்தனை. இந்த ஓடையில் நீங்கள் ஒரு கூடை மண் கூடப் போடக் கூடாது. இதை இப்படியே, இயன்றால் இன்னும் பெரிதாக, வருங்காலத் தலைமுறைக்குக் காத்துத் தர வேண்டும்."

மதலேனம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஓடையை அடைக்கத்தான் படிப்பு. ஓடை இருந்தால்தான் படிப்பாம். இது என்ன கூத்து? சம்மதித்தால் நிலம் போகும், மறுத்தால் மகளின் ஆசை போகும். ஸ்டெல்லாமேரியைப் பார்த்தாள். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு கரையில் நின்ற கருவேல மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளு பொறுங்க ஐயா, கலந்து சொல்லுதோம்," என்று பூவனலிங்கம் நடுவில் புகுந்தார்.

அந்த இரண்டு நாளில் இந்தச் செய்தி மணியாச்சிக்கு எப்படிப் போயிற்று என்று யாராவது கேட்டால் பூவனலிங்கம் வானத்தைப் பார்ப்பார். சுந்தரபாண்டியனின் ஜீப் பதில் கேட்க வந்து நின்றபோது, அதன் பின்னாலேயே எபநேசரின் ஜீப்பும் வந்து நின்றது. எபநேசருக்கும் ஓடை இல்லை. அவர் இறங்கியதுமே, இந்த ஓடையை எத்தனை பெரிய பூட்டுப் போட்டுப் பூட்டலாம் என்று அளந்து பார்ப்பவர்போல் அங்குமிங்கும் நடந்தார்.

இரண்டு முதல்வர்களும் ஓடைக்கு இருபுறமும் நின்று ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள். பூவனலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மாட்டுத்தாவணியில் விலையை வாயால் பேசுவது மரியாதை இல்லை. துண்டை மேலே போட்டு, அதற்குள் கையைப் பிடித்து, விரலால் பேசுவார்கள். பூவனலிங்கம் இன்னொரு துண்டையும் வாங்கி, வலது கைக்கு ஒருவர், இடது கைக்கு ஒருவர் என்று இரண்டு முதல்வர்களையும் பிடித்துக்கொண்டார். பட்டம் பெற்ற பெரியவர்கள் இந்த வழக்கத்துக்குக் கூச்சப்படுவார்கள் என்று மதலேனம்மாள் நினைத்தாள். இருவரும் துண்டைப் பார்த்ததுமே கையை உள்ளே விட்டார்கள். நல்ல பழக்கம் இருந்த கைகள்.

முடிவு இப்படி ஆயிற்று. ஓடையின் மேல்பாதி சுந்தரபாண்டியனுக்கு, கீழ்பாதி எபநேசருக்கு. ஸ்டெல்லாமேரி முதல் கல்லூரியில் படிப்பாள். அங்கே ஏதாவது தகராறு வந்தால் இரண்டாவது கல்லூரி அவளை எடுத்துக்கொள்ளும்.

"நான் ஒரு கூடை மண்ணு போடமாட்டேன், அந்தோணியார் சத்தியமா," என்று மதலேனம்மாள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

கரிசல்காட்டில் ஒரு நிலம் இரண்டு பேர் கைக்குப் போனால் அடுத்து என்ன நடக்கும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முதலில் எல்லைக்கல். பிறகு எல்லைக்கல் நகர்ந்துவிட்டது என்று வழக்கு. படித்தவர்களாயிற்றே, அவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஆடியில் சுந்தரபாண்டியனின் மாணவர்கள் ஓடையில் இறங்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒருவனின் இடது கால் கீழ்பாதியில் இருந்தது. எபநேசர் அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்து, எல்லையில் ஓடைக்குக் குறுக்கே ஒரு வரிசைக் கல் அடுக்கினார். சுந்தரபாண்டியன் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் தன் வரிசையை அடுக்கினார்.

கல் சுமந்த மாணவர்களில் ஸ்டெல்லாமேரியும் இருந்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் வந்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எம்மா, ஓடைக்குக் குறுக்க கல்லடுக்குதாவ பாத்தியா?"

"பாத்தேன். கேடுகெட்டவனுவ. மண்ணு போறது பத்தாதுன்னு கல்லு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள். மகளைப் பார்த்தாள். குறுக்கே கல் நின்றால் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் மண் நிற்கும்.

"ஏட்டி!" என்றாள் மதலேனம்மாள். புருஷன் போனபிறகு அவள் அப்படிச் சிரித்ததில்லை. தாயும் மகளும் பானையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அதற்குப்பிறகு முதல்வர்கள் வந்தால் மதலேனம்மாளே மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எனக்கென்ன தெரியும் சாமி," என்பாள் எபநேசரிடம். "நேத்து அவிய பிள்ளையளு கல்லத் தாண்டி வந்து ஒங்க பாதியில உக்காந்து பணியாரம் தின்னுட்டுப் போச்சு."

எபநேசர் ஒரு வரிசை ஏற்றுவார். மறுநாள் சுந்தரபாண்டியனிடம், "ஓரத்துல சந்து இருக்குய்யா. அது வழியா அவிய ஆளு நொழஞ்சு வருதாவ. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க," என்பாள். சுந்தரபாண்டியன் இரண்டு கரையிலும் இரண்டு முழம் குடைந்து, சுவரின் முனைகளை உள்ளே சொருகிவிட்டார். நடுவில் மட்டும் சுவர் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. இரண்டு முதல்வர்களும் அங்கே சாய்ந்து நின்றுதான் தினமும் ஏசிக்கொண்டார்கள். சாய்ந்து சாய்ந்து கல் சரிந்துவிட்டது. மிஞ்சிய தண்ணீர் வழிய ஒரு வழி வேண்டுமே என்று ஸ்டெல்லாமேரி புத்தகத்தைப் புரட்டிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கவலையும் தீர்ந்தது.

ஐப்பசி பிறந்தது. மழை கொட்டியது. மேட்டிலிருந்து புரண்டு வந்த கலங்கல் தண்ணீர், இரண்டு கல்லூரிகளின் கோபத்தில் முட்டி, நின்று, வண்டலை இறக்கி வைத்துவிட்டு, நடுத்தாழ்வில் சாதுவாக வழிந்து போயிற்று. மழை விட்டபோது ஓடையின் மேல்பாதி நிரம்பி நிலத்தோடு நிலமாகக் கிடந்தது. கீழ்பாதியிலும், வேகம் குறைந்து வழிந்த தண்ணீர் வண்டலைப் படியவிட்டதில் பள்ளம் தூர்ந்து கோரை முளைத்திருந்தது.

ஈரம் காயுமுன்பே ஆய்வுக் குழு வந்து இறங்கியது. சேறு ஒட்டாமல் இருக்கக் குழுத் தலைவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்.

"ஓடை எங்கே?" என்றார் தலைவர்.

சுந்தரபாண்டியன் வெறும் நிலத்தைப் பார்த்தார். முகம் வெளிறியது. எபநேசரை நோக்கிக் கைநீட்டினார். "இவர்! இவர்தான் சுவர் எழுப்பி மண்ணைத் தடுத்துவிட்டார்!"

"பொய்!" என்று எபநேசர் துள்ளினார். "ஐயா, எங்கள் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து ஒரு பிடி மண்ணையாவது நாங்கள் காப்பாற்றியதாக யாராவது நிரூபிக்கட்டும், இன்றே விலகிக்கொள்கிறேன்!"

"எங்கள் கல்லூரி மட்டும் காப்பாற்றியிருக்கிறதா?" சுந்தரபாண்டியனின் குரல் உடைந்தது. "எங்கள் மீது இப்படியொரு களங்கம் இதுவரை விழுந்ததில்லை!"

தலைவர் நாற்காலியில் இருந்தபடியே இருவரின் வாக்குமூலத்தையும் ஏற்றுக்கொண்டார். இரண்டு கல்லூரிகளும் குற்றமற்றவை. ஆனாலும் விதி விதிதான். தை மாதத்துக்குள் ஓடை காட்டாவிட்டால் அங்கீகாரம் ரத்து.

சுந்தரபாண்டியன் மதலேனம்மாளிடம் திரும்பினார். பேச்சில் தேன் இல்லை. "சுவரைப் பிரித்துப்போட்டுப் பழைய ஓடையைத் திருப்பித் தர வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மகளுக்குக் கல்லூரியில் இடமில்லை." எபநேசரும், "எங்கள் கல்லூரியிலும் இல்லை," என்றார்.

"நான் ஒரு கூடை மண்ணு போடலியே ஐயா. சத்தியம் பண்ணினேன்லா?"

"இடம் வேண்டுமா, நிலம் வேண்டுமா?" என்றார் சுந்தரபாண்டியன்.

மகள் அந்தக் கல்லூரிக்குப் போக எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று மதலேனம்மாளுக்குத்தான் தெரியும். ஸ்டெல்லாமேரி முதல்வரையும் பார்த்தாள், வண்டலையும் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"எம்மா, ஈரம் போகுது. வெதைப்பொட்டிய எடு."

தாயும் மகளும் ஆய்வுக் குழுவின் கண்ணெதிரே, ஓடை இருந்த இடத்தில் மல்லி விதைத்தார்கள். நாற்காலி தூக்கி வந்தவர்களில் ஒருவர் தன்னையறியாமல் இறங்கி மண்கட்டியைத் தட்டிக் கொடுத்தார். முதல்வர்கள் இருவரும் இழவு வீட்டு வாசலில் நிற்பவர்கள்போல் நின்றார்கள்.

பூவனலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர்களுக்கு நடுவில் போனார்.

"என்ன ஐயா, ஒரு மாடு செத்தா தாவணியே முடிஞ்சு போச்சா? புதூர்ப் பக்கம் ஓடைக்கா பஞ்சம்? இங்கனயிருந்து கூப்பிடு தூரத்துல இத விட ஆழமா ஒண்ணு கெடக்கு. நான் பிடிச்சுத் தாரேன். ஆனா, இந்தப் பிள்ள படிப்பு நின்னுச்சுன்னா எனக்கு வழி மறந்துபோகும்."

இரண்டு கைகளும் துண்டைத் தேடி நீண்டன. "மேல்பாதி எனக்கு," என்றார் எபநேசர் முந்திக்கொண்டு.

அந்த ஓடை அடுத்த மழையில் நிரம்பியது. பூவனலிங்கம் இன்னொன்றைக் காட்டினார். அதையும் பங்கிட்டு, சண்டையிட்டு, சுவர் எழுப்பி, இழந்தார்கள். ஊர் ஊராக ஆட்கள் பூவனலிங்கத்தின் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, எங்க ஓடையையும் அந்தக் காலேஜ்காரவிய கண்ணுல காட்டுங்க," என்று காத்துக் கிடந்தார்கள். முதல்வர்கள் வரும் நாளில் அந்தந்த ஊர்ப் பெண்கள் மோர் கொண்டுபோனார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மதலேனம்மாள் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

மூன்று வருஷம் கழித்துப் பட்டமளிப்பு விழா நடந்தது. ஸ்டெல்லாமேரி கறுப்பு அங்கியில் முதல் வரிசையில் இருந்தாள். சென்னையிலிருந்து பதில் வராததால், அன்றுவரை அவள் பெண் அல்ல.

சுந்தரபாண்டியன் மேடையேறினார். பேசும்போதே கைக்குட்டையை எடுத்துவிட்டார். "இக்கல்லூரி தொடங்கியபோது இந்த வட்டாரம் ஓடைகளால் செழித்திருந்தது. திரும்பிய பக்கமெல்லாம் பள்ளம், படுகுழி! இன்று? எல்லாம் மண்மூடிப் போய்விட்டது. பருத்தியும் மல்லியும் ஈவிரக்கமின்றிப் பரவிவிட்டன. எஞ்சி நிற்பது ஒரே ஓர் ஓடை. அதையாவது நம் சந்ததிக்கு விட்டுச்செல்ல வேண்டாமா? எனவே அந்தக் கடைசி ஓடையைக் கண்ணுங்கருத்துமாகப் பாதுகாக்கும் அலுவலராக, முதல் மதிப்பெண் பெற்ற ஸ்டெல்லாமேரியை இந்த மேடையிலேயே நியமிக்கிறேன்!"

மதலேனம்மாள் எழுந்து நின்று கை தட்டினாள். அங்கியும் பட்டமுமாக மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏட்டி, அந்த ஓடைப் பக்கம் கல்லு கெடக்கா?"

"நெறையக் கெடக்கும்மா," என்றாள் அலுவலர்.